இரண்டாவது வண்டி க்ரூசரா, ஸ்போர்ட்ஸா? இறக்கத்தை வைத்து முடிவு செய்யுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம்.

2025 செப்டம்பர் 22 முதல் 350 சி.சி. வரையுள்ள இருசக்கர வாகனங்களுக்கு ஜி.எஸ்.டி. 28 சதவீதத்திலிருந்து 18 ஆகக் குறைந்தது. 350ஐத் தாண்டியவற்றுக்கு 40 சதவீதமாக ஏறியது. வீட்டில் ஏற்கெனவே ஒரு ஸ்பிளெண்டரோ ஸ்கூட்டரோ நிற்க, ஞாயிற்றுக்கிழமைக்கென்று இன்னொரு வண்டி வாங்க நினைப்பவர்களின் கணக்கு இப்போது பெரும்பாலும் அந்த 350 என்ற கோட்டுக்குள்ளேயே சுற்றுகிறது. கடைசியில் வந்து நிற்கும் கேள்வி, தாழ்ந்த இருக்கையில் நிமிர்ந்து உட்காரும் க்ரூசரா, குனிந்து ஓட்டும் ஸ்போர்ட்ஸ் பைக்கா என்பதுதான். 'வளைவுக்கு ஸ்போர்ட்ஸ், நேர்ச்சாலைக்கு க்ரூசர்' என்று எல்லோரும் ஒரே வரியில் பதில் சொல்லிவிடுகிறார்கள். ஒரு பக்கம் ஏற்காடு மலை, இன்னொரு பக்கம் பெங்களூரு நெடுஞ்சாலை என்று இருக்கும் சேலத்துக்கு இந்தப் பதில் பாதிக்கு மேல் தலைகீழ். காரணங்களைக் கொஞ்சம் விரிவாக எழுத இடம் தர வேண்டுகிறேன்.

முதலில் மலை. அடிவாரத்திலிருந்து ஏற்காடு போகும் பாதையில் 20 கொண்டை ஊசி வளைவுகள். சேலம் கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 280 மீட்டர். ஏற்காடு 1,500 மீட்டர். இந்த வளைவுகளில் எதிரே அரசுப் பேருந்து திரும்பினால் சாலையின் முழு அகலமும் அதற்கே போதாது. எவ்வளவு கெட்டிக்காரர் ஓட்டினாலும் வளைவுக்குள் மணிக்கு 15, 20 கி.மீ.தான் நியாயமான வேகம். 10,000 ஆர்.பி.எம்.மில், அதாவது நிமிடத்துக்கு 10,000 சுற்றில், உச்ச சக்தி தரும் ஸ்போர்ட்ஸ் இன்ஜினுக்கு அந்த வேகத்தில் வேலையே இல்லை.

எண்களை எடுத்துக்கொள்வோம். க்ரூசரான ராயல் என்ஃபீல்டு மீட்டியோர் 350 தரும் இழுவை (டார்க்) 4,000 ஆர்.பி.எம்.மில் 27 நியூட்டன் மீட்டர். ஸ்போர்ட்ஸ் வகையான 155 சி.சி. யமஹா ஆர்15 தருவது 7,500 ஆர்.பி.எம்.மில் 14.2. இழுவையைச் சுழற்சியால் பெருக்கி 7,023ஆல் வகுத்தால் அந்தப் புள்ளியில் கிடைக்கும் குதிரைத்திறன் வரும். இரண்டுக்கும் போட்டுப் பாருங்கள்: மீட்டியோருக்கு 15.4, ஆர்15க்கு 15.2. கிடைக்கும் சக்தி ஒன்றுதான். ஆனால் ஒன்று அதைத் தர 4,000 சுற்று போதும், இன்னொன்றுக்கு 7,500 வேண்டும். வளைவுக்குள் இன்ஜின் 2,000, 2,500 சுற்றில் இருக்கும்போது எது இழுக்கும், எதற்கு கிளட்ச்சைப் பாதி பிடித்து ஆக்ஸிலேட்டரை முறுக்க வேண்டியிருக்கும் என்பது இதிலேயே தெரிந்துவிடும். பாதி கிளட்ச்சிலேயே வளைவுக்கு வளைவு ஏறினால் கிளட்ச் பிளேட் சூடாகும்; பத்தாவது வளைவுக்குமேல் லிவரின் பிடிப்பு மாறுவதைக் கையிலேயே உணரலாம். இரண்டாம் கியரில் திணறுகிறது என்றால் வளைவுக்கு முன்பே முதல் கியருக்கு வந்துவிட வேண்டும், வளைவின் நடுவில் அல்ல.

மற்றபடி ஏறுவதற்குச் சக்தி போதுமா என்ற கவலை வீண். நூற்றுக்கு ஏழு மீட்டர் ஏற்றம் என்றே வைத்துக்கொண்டாலும், இரண்டு பேரோடு 330 கிலோ வரும் வண்டியை மணிக்கு 30 கி.மீ.யில் மேலே இழுக்க மூன்று குதிரைத்திறன்கூட முழுதாகத் தேவையில்லை. 'மலைக்குப் பவர் பத்தாது' என்று 390 வகைப் பெரிய வண்டிக்குத் தாவுகிறவர்கள் இதை ஒருமுறை கணக்குப் போட்டுப் பார்ப்பது நல்லது.

ஏற்றத்தில் உண்மையில் ஆளைக் கவிழ்ப்பது இடது பக்கக் கொண்டை ஊசி. நாம் இடப்பக்கம் ஓட்டுவதால் இடது வளைவில் உள்வட்டம் நம்முடையது. அதுதான் மிகக் குறுகலும் மிகச் செங்குத்தும். வளைவின் உட்பக்கம் தாழ்வாக இருப்பதால் நின்றுவிட்டால் ஊன்றும் இடது கால் பள்ளத்துப் பக்கம் போகும்; தரை எதிர்பார்த்ததைவிட நாலு விரல் கீழே இருக்கும். இருக்கை உயரம் இங்கேதான் பேசும். மீட்டியோரில் 765 மி.மீ., பஜாஜின் க்ரூசரான அவெஞ்சர் 220இல் 737, ஆர்15இல் 815. ஐந்தடி நாலு அங்குலம் உயரமுள்ளவருக்கு 815இல் கால் விரல்கள்தான் தரையைத் தொடும். ஆனால் இன்னொரு பக்கமும் உண்டு: சாயத் தொடங்கிய 140 கிலோ வண்டியை ஒற்றைக் காலில் தாங்கிவிடலாம், 191 கிலோவை முடியாது. எனவே குட்டையானவர், மெலிந்தவர், பின்னால் ஆள் ஏற்றுபவர் மூவருக்கும் விடை ஒன்றாக இராது. எந்த வண்டியானாலும் நின்றால் இடது கால் தரையில், வலது கால் பின் பிரேக்கில். இரண்டு காலையும் ஊன்றிக்கொண்டு முன் பிரேக்கை மட்டும் நம்பி ஏற்றத்தில் கிளப்புகிறவர்களின் வண்டி பின்னால் உருள்வது அதனால்தான்.

ஸ்போர்ட்ஸ் வண்டியில் ஹேண்டில் திரும்பும் கோணமும் குறைவு. தாழ்வாக இரண்டு துண்டாக வரும் கிளிப்-ஆன் ஹேண்டில் டேங்கில் இடிக்காமல் இருக்க அப்படி வைத்திருக்கிறார்கள். மெதுவாகத் திரும்பும்போது வட்டம் பெரிதாகி, வண்டி எதிர்த்தடத்துக்குள் மூக்கை நீட்டும்.

க்ரூசருக்கும் இங்கே ஒரு குறை உண்டு, விற்பவர்கள் சொல்வதில்லை. 10 மீட்டர் ஆரமுள்ள வளைவை 20 கி.மீ. வேகத்தில் எடுக்க வண்டி 17, 18 டிகிரி சாய வேண்டும். அதையே 30 கி.மீ.யில் எடுத்தால் 35 டிகிரி. தாழ்வான க்ரூசர்கள் பலவற்றில் 30 டிகிரியை ஒட்டியே புட்ரெஸ்ட் தரையை உரசும். மடங்கும் புட்ரெஸ்ட் உரசினால் அது ஓர் எச்சரிக்கை, அவ்வளவுதான். மடங்காத பாகம், அதாவது வெளியே வாங்கி மாட்டிய அகலமான லெக் கார்டோ சைலன்சரோ உரசினால் பின்சக்கரத்தின் எடை அதன்மேல் ஏறி டயர் பிடியை விடும். பின்னால் ஆள் ஏறியதும் சாக் அப்சார்பர் அமுங்கி இந்த இடைவெளி இன்னும் குறையும். மீட்டியோரில் பின் சாக் அப்சார்பருக்கு ஆறு படிகள் உண்டு. மலையேறும் முன் இருவருக்கென்று இரண்டு படி கூட்டி வைக்க இரண்டு நிமிடம் போதும். பெரும்பாலான வண்டிகளில் ஷோரூமில் வைத்த படியிலேயே அது கடைசிவரை கிடக்கிறது.

இப்போது இறக்கம். இந்தக் கடிதத்தின் மையமே இதுதான்.

330 கிலோ எடை 1,200 மீட்டர் கீழே வரும்போது இழக்க வேண்டிய ஆற்றலைக் கணக்கிட்டால் ஒரு யூனிட் மின்சாரத்துக்குச் சற்று மேல். ஒரு கிலோவாட் ஹீட்டர் ஒரு மணி நேரம் எரிந்த வெப்பம் அது. அதை இன்ஜின் விழுங்க வேண்டும், காற்று கொஞ்சம் எடுத்துக்கொள்ளும், மிச்சம் முழுவதும் இரண்டு பிரேக் டிஸ்க்குகளின் தலையில். மலையில் வேகம் குறைவு என்பதால் காற்றின் பங்கு சொற்பம். ஆகவே இன்ஜின் எவ்வளவு விழுங்குகிறது என்பதுதான் பிரேக் காய்ந்துபோகுமா இல்லையா என்பதைத் தீர்மானிக்கிறது.

350 சி.சி. ஒற்றை சிலிண்டர், இரண்டாம் கியர், ஆக்ஸிலேட்டர் மூடியது: வண்டி தானாகவே அடங்கி இறங்கும், சத்தமும் பெரிதாக இராது. 155 சி.சி.யிலும் இதைச் செய்யலாம். ஆனால் அதே அளவு பிடிப்பு வேண்டுமானால் இன்ஜின் 6,000, 7,000 சுற்றில் அலறும். அந்தச் சத்தத்துக்குப் பயந்து நாலாம் கியருக்குப் போய், மீதி வழி முழுக்க பிரேக்கிலேயே இறங்குகிறவர்கள்தான் அதிகம். இன்ஜினுக்கு அந்தச் சுற்றால் ஒரு கெடுதலும் இல்லை. சிவப்புக் கோடு 11,000ஐ ஒட்டி இருக்கும் இன்ஜினுக்கு 7,000 நடை வேகம். ஆர்15, டி.வி.எஸ். அப்பாச்சி ஆர்.ஆர்.310 போன்றவற்றில் ஸ்லிப்பர் கிளட்ச் இருப்பதால் கியரைக் குறைக்கும்போது பின்சக்கரம் குதிக்காது. ஆக ஸ்போர்ட்ஸ் வாங்குகிறவர் முதலில் பழக வேண்டியது வேகத்தை அல்ல, அந்தச் சத்தத்தை.

நியூட்ரலில் விட்டு இறக்கினால் பெட்ரோல் மிச்சம் என்பது கார்புரேட்டர் காலத்துப் பேச்சு. இன்ஜெக்டர் வழியே பெட்ரோல் தெளிக்கும் எஃப்.ஐ. வண்டியில் ஆக்ஸிலேட்டரை மூடிக்கொண்டு கியரில் இறங்கும்போது இன்ஜெக்டர் பெட்ரோல் தெளிப்பதையே நிறுத்திவிடுகிறது. நியூட்ரலில் போட்டால்தான் இன்ஜின் அணையாமல் இருக்கத் தெளித்துக்கொண்டே இருக்கும். மிச்சம் பிடிக்க நினைத்தவர் செலவும் செய்து பிரேக்கையும் எரிக்கிறார்.

பிரேக் ஏன் போகிறது? டாட் 4 பிரேக் ஆயில் புதிதாக இருக்கும்போது குறைந்தது 230 டிகிரியில்தான் கொதிக்கும். காற்றிலுள்ள ஈரத்தை இழுத்துக்கொண்டே இருப்பதால் நாளடைவில் அந்த எல்லை 155 டிகிரி வரை இறங்கலாம். கொதித்த ஆயிலில் ஆவிக்குமிழ் வந்துவிட்டால் லிவர் ஹேண்டிலைத் தொடும் வரை வரும், பிடிப்பு இராது. மாதக்கணக்கில் நிற்கும் இரண்டாவது வண்டிக்கு இந்த ஆபத்து அதிகம். ஏனெனில் கிலோமீட்டர் ஓடவில்லையே என்று சர்வீஸைத் தள்ளிப் போடுவார்கள். பிரேக் ஆயில் கிலோமீட்டரைப் பார்ப்பதில்லை, ஆண்டைப் பார்க்கிறது. இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை மாற்ற வேண்டும். கண்ணாடிக் குப்பியில் ஆயில் தேன் நிறத்திலிருந்து காப்பி நிறத்துக்குப் போயிருந்தால் அதற்கும் முன்பே.

பிரேக் பிடிக்கும் முறையும் ஒரு விஷயம். லேசாக அழுத்தியபடியே இரண்டு கி.மீ. இறங்குவதைவிட, வளைவுக்கு முன் நன்றாக அழுத்தி வேகத்தைக் குறைத்து முழுதாக விட்டுவிடுவது டிஸ்க்குக்கு ஆற நேரம் தரும். பின் பிரேக் டிரம் என்றால் இது கட்டாயம். அவெஞ்சர் 220இல் முன்னால் 280 மி.மீ. டிஸ்க், பின்னால் 130 மி.மீ. டிரம், ஒற்றைச் சேனல் ஏ.பி.எஸ்., அதாவது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் காக்கும் வசதி முன்னால் மட்டும். நகரத்துக்கும் நெடுஞ்சாலைக்கும் குறை சொல்ல முடியாத, முதுகுக்கு இதமான வண்டி. ஆனால் ஆளை வைத்துக்கொண்டு அடிக்கடி மலையிறங்குகிறவர், இரண்டு பக்கமும் டிஸ்க், இரட்டைச் சேனல் உள்ளதைத்தான் தேட வேண்டும். மீட்டியோரில் 300, 270 மி.மீ. டிஸ்க்குகள், ஆர்15இல் 282, 220. எடையோடு சேர்த்துப் பார்த்தால் ஆர்15 நிற்பது இன்னும் கச்சிதம். இந்த ஒரு விஷயத்தில் ஸ்போர்ட்ஸ் பக்கம் மறுக்க முடியாத லாபம்.

அந்த லாபத்தை எடுத்துக்கொண்டு போவது உட்காரும் முறை. குனிந்து உட்காரும் வண்டியில் சமதளத்திலேயே உடம்பின் ஒரு பங்கு மணிக்கட்டில் இருக்கிறது. இறக்கத்தில் அது கூடும். பிரேக் பிடித்தால் இன்னும் கூடும். பின்னால் இருப்பவர் வழுக்கி முன்னால் வந்து முதுகில் சாய்ந்தால் இரண்டு பேர் எடையும் ஓட்டுபவரின் உள்ளங்கையில். கை விறைத்துவிட்டால் ஹேண்டிலை நுட்பமாகத் திருப்ப முடியாது, வண்டி வளைவில் வெளிப்பக்கம் ஓடும். இதற்கு ஒரே மருந்து, முழங்கால்களால் டேங்கை இறுக்கிப் பிடித்து கைகளைத் தளர விடுவது. அரை மணி நேரம் அப்படிப் பிடிக்கத் தொடையில் தெம்பு வேண்டும்.

பின்னிருக்கையைப் பற்றி ஷோரூமில் யாரும் கேட்பதே இல்லை. இரண்டாவது வண்டி வாங்க வீட்டில் சம்மதம் வாங்கும்போது 'நாம ரெண்டு பேரும் ஏற்காடு போகலாம்' என்றுதான் பேச்சு ஆரம்பிக்கிறது. பிறகு வந்து நிற்பது உள்ளங்கை அகல இருக்கையோடு ஒரு வண்டி. சேலை கட்டி ஒருபக்கமாக உட்கார்பவருக்கு ஸ்போர்ட்ஸ் பைக்கில் இடமே கிடையாது. பின்னிருக்கை உள்ள வண்டிக்குக் கைப்பிடியும் புட்ரெஸ்ட்டும், பின்சக்கரத்தில் பாதிக்குக் குறையாமல் மறைக்கும் சேலைக் கம்பியும் இருக்க வேண்டும் என்பது மத்திய மோட்டார் வாகன விதி 123. அழகுக்காக முதல் வாரத்திலேயே அதைக் கழற்றிப் பரணில் போடுகிறார்கள். துப்பட்டாவும் முந்தானையும் செயினில் சிக்கும் விபத்துக்கு வேறு காரணம் தேட வேண்டாம். க்ரூசரில் இருக்கை அகலம், பின்னால் சாயக் கம்பி வைத்துக்கொள்ளலாம்; ஆனால் பின்னால் எடை ஏறினால் முன்சக்கரம் லேசாகி, ஏற்ற வளைவில் திரும்ப மறுக்கும். அப்போது ஓட்டுபவர் முன்னே தள்ளி உட்கார்ந்தால் போதும்.

அடுத்து நெடுஞ்சாலை. க்ரூசரின் ராஜ்யம் என்று சொல்லப்படும் இடம். மணிக்கு 80 கி.மீ. வரை அது உண்மை. காற்றை வெல்லத் தேவைப்படும் சக்தி வேகத்தின் மும்மடிப் பெருக்கமாக ஏறும். 80இலிருந்து 100க்குப் போனால் ஏறக்குறைய இரட்டிப்பு. நிமிர்ந்து மார்பை விரித்து உட்காரும் 20 குதிரைத்திறன் வண்டி அங்கே மூச்சு வாங்கத் தொடங்கும். காற்றைக் கிழிக்கும் பிளாஸ்டிக் முகமூடியான ஃபேரிங் உள்ள 250 சி.சி. சுஸுகி ஜிக்ஸர் எஸ்.எஃப்., 312 சி.சி. ஆர்.ஆர்.310 ஆகியவை அதே வேகத்தில் சத்தமில்லாமல் போகும். ஆடி மாதத்தில் பாலக்காட்டுக் கணவாய் வழியாக வரும் மேல்காற்று, சங்ககிரி தாண்டி கோவை நோக்கிப் போகிறவருக்கு எதிர்க்காற்று. க்ரூசரில் போனால் கழுத்து வலி, ஃபேரிங் வண்டியில் போனால் மணிக்கட்டு வலி. எது உங்களுக்குத் தாங்கும் என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

இன்னொன்று: க்ரூசரில் கால் முன்னால் நீண்டிருப்பதால் பள்ளம் வரும்போது எழுந்து நிற்க முடியாது. வேகத்தடையின் அடி நேராக முதுகெலும்பின் அடிப்பகுதியில் இறங்கும். முதுகுத் தண்டில் ஏற்கெனவே தொந்தரவு உள்ளவர்கள் 'க்ரூசர்னா சொகுசு' என்று நம்பி வாங்குவது சோகம்.

தொப்பூர் கணவாயில் தருமபுரியிலிருந்து சேலம் நோக்கி வரும் பக்கம்தான் இறக்கம். பாரம் ஏற்றிய லாரிகளுக்குப் பிரேக் காய்வது அங்கே. இரண்டு லாரிகளுக்கு நடுவில் சிக்காமல் இருப்பதே அங்கே முக்கியம். அதற்கு வேண்டியது சட்டென்று தாண்டிப் போகும் சக்தி. 60 கி.மீ.யில் இருந்து 90க்கு ஏற க்ரூசர் எடுத்துக்கொள்ளும் நேரம் 300 சி.சி. ஸ்போர்ட்ஸைவிடக் கணிசமாக அதிகம்.

ஆக எதை வாங்குவது? மாதம் ஒன்றிரண்டு முறை மலை, பின்னால் ஆள், அவசரமில்லாத பயணம் என்றால் மீட்டியோர் அல்லது அதுபோல நடுத்தர உயரமுள்ள 350. தரையோடு ஒட்டிய பாபர் வகை வேண்டாம். ஏற்காட்டு வளைவுகளில் அது உரசிக்கொண்டேதான் வரும். சூப்பர் மீட்டியோர் 650 நல்ல வண்டி, ஆனால் 241 கிலோ, தரை இடைவெளி 135 மி.மீ.; மலை மேல் சரிவான இடத்தில் மூக்கைக் கீழே விட்டு நிறுத்தினால் பின்னால் இழுக்க இரண்டு ஆள் வேண்டும். தனி ஆள், உயரம் போதும், பெங்களூரு கோவை அடிக்கடி என்றால் 250, 310 ஸ்போர்ட்ஸ். ஆர்.ஆர்.310இல் மழை மோடு இருப்பது மார்கழிப் பனியிலும் ஐப்பசி மழையிலும் சருகு படிந்த மலைப்பாதைக்கு உதவும். நம் பக்கத்து ஓசூரில் செய்யும் வண்டி என்பது கூடுதல் சந்தோஷம். தனி ஆளாக விடிகாலையில் மலைக்கு மட்டும் போகிறவருக்கு ஆர்15 அருமை. எதிலும் மனம் நிற்கவில்லை என்றால் ஹன்டர் 350ஐ ஒருமுறை ஓட்டிப் பாருங்கள்: மீட்டியோரின் அதே இன்ஜின், 17 அங்குலச் சக்கரம், 181 கிலோ, கால் நடுவில். க்ரூசர் ஸ்போர்ட்ஸ் என்று சண்டை போடும் பலருக்கு உண்மையில் தேவை அதுதான் என்பது என் கருத்து.

டெஸ்ட் ரைடு என்று ஐந்து ரோடு மேம்பாலத்தைச் சுற்றி வருவதில் பயனில்லை. கோரிமேடு வழியாக அடிவாரம் வரை கேளுங்கள். மறுத்தால் வேறு ஷோரூமுக்குப் போங்கள். வீட்டில் யார் பின்னால் உட்காரப் போகிறாரோ அவரையும் அழைத்துச் செல்லுங்கள். சாலை அகலத்துக்குள் காலை ஊன்றாமல் இடப்பக்கமாக ஒரு யூ-டர்ன். ஏற்றத்தில் நிறுத்தி மீண்டும் கிளப்புவது ஒன்று. இன்ஜினை அணைத்து, இறங்கி, வண்டியைப் பத்தடி பின்னால் தள்ளிப் பார்ப்பது ஒன்று. இந்த மூன்றில் இரண்டு தடுமாறினால் அந்த வண்டி உங்களுக்கு இல்லை.

வண்டி கீழே விழத்தான் செய்யும். க்ரூசர் வலப்பக்கம் விழுந்தால் தூக்கும் முன் சைடு ஸ்டாண்டை வெளியே நீட்டிவிட்டு, கியரில் போட்டு, ஹேண்டிலை ஒரு பக்கம் முழுதாகத் திருப்பி, இருக்கைக்கு முதுகைக் கொடுத்துக் காலால் எழ வேண்டும். குனிந்து கையால் தூக்கினால் இடுப்பு பிடித்துக்கொள்ளும். ஸ்போர்ட்ஸ் விழுந்தால் தூக்குவது சுலபம், பில் கனம். சாதாரண காப்பீட்டில் பிளாஸ்டிக், ரப்பர் பாகங்களுக்குத் தேய்மானம் என்று 50 சதவீதம் கழித்துவிடுவார்கள். ஃபேரிங் முழுவதும் பிளாஸ்டிக். ஆகவே ஸ்போர்ட்ஸ் வாங்குகிறவருக்கு இந்தத் தேய்மானத்தைக் கழிக்காத ஜீரோ டெப்ரிசியேஷன் காப்பீடு ஆடம்பரமல்ல, அவசியம். க்ரூசருக்கு அவ்வளவு அவசரமில்லை.

2022 ஜூனில் நிர்ணயித்த அட்டவணைப்படி, மூன்றாம் நபர் காப்பீடு புது வண்டிக்கு ஐந்து ஆண்டுக்குச் சேர்த்து 150 முதல் 350 சி.சி. வரை 7,365 ரூபாய். 350க்கு மேல் 15,117. 350 என்ற கோடு இங்கேயும் இருப்பதைக் கவனியுங்கள். இன்னொன்று, 15 லட்ச ரூபாய்க்கான உரிமையாளர் தனிநபர் விபத்துக் காப்பீடு வண்டிக்கு அல்ல, ஆளுக்கு. முதல் வண்டியோடு எடுத்தது உயிரோடு இருந்தால் இரண்டாவதற்கு மீண்டும் எடுக்கத் தேவையில்லை. அந்த பாலிசி எண்ணைக் காட்டினால் போதும். கேட்காவிட்டால் பில்லில் சேர்த்துவிடுவார்கள்.

பெங்களூரிலிருந்து பழைய ஸ்போர்ட்ஸ் வண்டி வாங்கிவரும் பழக்கம் நம் ஊரில் உண்டு. விலை குறைவாகத் தெரியும். படிவம் 28இல் தடையில்லாச் சான்று, பெயர் மாற்றத்துக்கு 29, 30, புது எண்ணுக்கு 27, அதோடு தமிழ்நாட்டு ஆயுட்கால வரி எல்லாம் சேர்த்த பிறகு அந்த வித்தியாசம் எவ்வளவு மிஞ்சுகிறது என்று முன்பே பாருங்கள். 12 மாதத்துக்குமேல் கே.ஏ. எண்ணோடு இங்கே ஓட்டக் கூடாது. வண்டியில் பார்க்க வேண்டியது: ஹேண்டிலை இருபுறமும் முழுதாகத் திருப்பினால் சேஸிஸில் முட்டும் இடம். அங்கே நசுங்கலோ புதுப் பெயிண்டோ இருந்தால் வண்டி பலமாக விழுந்திருக்கிறது, ஃபேரிங் எவ்வளவு பளபளத்தாலும் சரி. டயர் ஓரத்தில் நாலு இலக்கம் இருக்கும். 2221 என்றால் 2021இன் 22ஆவது வாரத்தில் செய்தது. ஐந்து ஆண்டு தாண்டிய டயரில் பட்டன் எவ்வளவு மிச்சமிருந்தாலும் ரப்பர் இறுகியிருக்கும், மலைக்கு ஆகாது. பழைய க்ரூசரில் புட்ரெஸ்ட் அடியையும் ஸ்போக் சக்கரத்தின் நேரையும் பாருங்கள். ஸ்போக் என்றால் பெரும்பாலும் டியூப் டயர். பத்தாவது வளைவில் பஞ்சர் ஆனால் சக்கரத்தையே கழற்ற வேண்டியிருக்கும்.

வாங்கிய பிறகு பெரும்பாலும் நிற்கப்போகும் வண்டி இது. இவை எதற்கும் கிக்கர் கிடையாது. பேட்டரி இறங்கினால் எஃப்.ஐ. பம்ப் ஓடாது, தள்ளினாலும் கிளம்பாது. ஒரு இரவு நின்ற பிறகு பேட்டரி 12.4 வோல்ட்டுக்குக் கீழ் காட்டினால் சார்ஜ் போட வேண்டும். வீட்டு வாசலில் பத்து நிமிடம் ஐடிலிங்கில் உறும விடுவது சார்ஜ் ஏற்றாது, சைலன்சருக்குள் தண்ணீரைத்தான் சேர்க்கும். வாரம் ஒருமுறை 15 கி.மீ. ஓட்டுங்கள். எத்தனால் கலந்த பெட்ரோல் ஈரத்தை இழுப்பதால் டேங்கை நிரப்பி வைப்பது நல்லது. செயினுக்கு 500 கி.மீ.க்கு ஒருமுறை லூப். மழையில் மலை ஏறி வந்தால் அன்றே.

தங்கள் நாளிதழில் புது வண்டி அறிமுகம் வரும்போது விலையும் மைலேஜும் மட்டுமே வருகின்றன. அவற்றோடு இருக்கை உயரம், எடை, இழுவை எத்தனை ஆர்.பி.எம்.மில், பின் பிரேக் டிஸ்க்கா டிரம்மா என்ற நான்கையும் ஒரு வரியில் அச்சிட்டால், சேலம் வாசகர்கள் ஷோரூம் படியேறும் முன்பே பாதி வண்டிகளைக் கழித்துவிடலாம்.

இப்படிக்கு,
வாசகர்,
அஸ்தம்பட்டி, சேலம் – 7